சான்டா கிளாரா கவுண்டி சுப்பீரியர் கோர்ட்: வக்கீல் இல்லாமல் எதை, எங்கே, எப்படி?

#1 கோப்புக்கட்டு

"கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கு, என்ன செய்யறது?" என்ற கேள்வி இங்கே மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கிறது. பதில்கள் பத்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. இனி இங்கேயே கேளுங்கள்.

முதலில் கட்டடம். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். நம் கவுண்டி கோர்ட் ஒரே இடத்தில் இல்லை. விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு எல்லாம் சான் ஹோசே 201 நார்த் ஃபர்ஸ்ட் தெருவில் உள்ள ஃபேமிலி ஜஸ்டிஸ் சென்டரில். அதற்குப் பக்கத்திலேயே 191-இல் டவுன்டவுன் கோர்ட், சிவில் வழக்குகளுக்கு. கிரிமினல் என்றால் வெஸ்ட் ஹெட்டிங் தெருவில் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ். டிராஃபிக் டிக்கெட்டுக்கு சான்டா கிளாரா நகரத்தில் ஹோம்ஸ்டெட் ரோடு. தப்பான வாசலில் செக்யூரிட்டி வரிசையில் நின்றால் அரை நாள் போச்சு. கையில் இருக்கும் தாளின் மேல் பக்கத்தில் முகவரி அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

அடுத்தது, இலவசமாகக் கிடைப்பது. 201-இல் செல்ஃப் ஹெல்ப் சென்டரும் ஃபேமிலி லா ஃபெசிலிடேட்டர் அலுவலகமும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. எந்தப் படிவம், எந்தக் கட்டத்தில் என்ன, எத்தனை நகல், அடுத்து எங்கே போவது என்பதெல்லாம் சொல்வார்கள். "நான் ஜெயிப்பேனா? இந்தத் தொகைக்கு ஒத்துக்கலாமா?" என்றால் சொல்ல மாட்டார்கள். திமிர் இல்லை அது. எதிராளி நாளைக்கு வந்து அதே ஜன்னலில் நிற்பார், அவருக்கும் அவர்களே உதவ வேண்டும்.

படிவங்கள் மாநிலம் முழுக்க ஒன்றுதான். பக்கத்தின் அடியில் திருத்திய தேதி இருக்கும், பழைய பதிப்பைக் கொண்டுபோய்த் திரும்பி வராதீர்கள். பிரவுசரிலேயே நிரப்பினால் சில சமயம் சேவ் ஆகாது. இறக்கி வைத்துக்கொண்டு அடோபியில் திறந்து நிரப்புங்கள்.

#2 மில்பிடாஸ்வாசி

வாடகை டெபாசிட் திருப்பித் தராததுக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் (சின்னத் தொகை வழக்கு) போடலாம்னு சொல்றாங்க. 2,800 டாலர். இதுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்?

#3 கோப்புக்கட்டு

தனி ஆள் 12,500 டாலர் வரை கேட்கலாம் (2024 ஜனவரியிலிருந்து இந்த வரம்பு), கம்பெனி என்றால் 6,250. கட்டணம் கேட்கும் தொகையைப் பொறுத்தது: 1,500 வரை 30 டாலர், 5,000 வரை 50, அதற்கு மேல் 75. விசாரணையில் இரண்டு பக்கமும் வக்கீல் பேச முடியாது. தேதி பொதுவாக 20 நாளிலிருந்து 70 நாளுக்குள் கிடைக்கும்.

ஆனால் 2,800 மட்டும்தானா என்று முதலில் யோசியுங்கள். சிவில் கோட் 1950.5 படி வீட்டைக் காலி செய்து 21 நாளுக்குள் வீட்டுக்காரர் பணத்தைத் தர வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு எவ்வளவு கழித்தேன் என்ற கணக்காவது தர வேண்டும். கழிவு 125 டாலரைத் தாண்டினால் ரசீதும் சேர்த்துத் தர வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்தார் என்று ஜட்ஜுக்குத் தோன்றினால் டெபாசிட்டோடு அதன் இரண்டு மடங்கு வரை கூடுதலாகப் போடலாம். அதாவது 2,800 + 5,600 = 8,400. கேட்காததை ஜட்ஜ் தானாகத் தருவார் என்று நம்ப வேண்டாம். எஸ்சி-100 படிவத்தின் 3-வது கேள்வியிலேயே தொகையையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள். அப்போது கட்டணம் 75 ஆகும், அவ்வளவுதான்.

4-வது கேள்வி: "வழக்குக்கு முன் பணத்தைக் கேட்டீர்களா?" கேட்டிருக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும்: முகவரி, சாவி கொடுத்த தேதி, தொகை, சட்டப்பிரிவு எண், "இன்ன தேதிக்குள் தராவிட்டால் வழக்கு". மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

#4 கட்டம்எட்டு

மேலே சொன்னதோடு ஒன்று. பாதிப் பேர் கோட்டை விடுவது பிரதிவாதி பெயரில். வாசல் பலகையில் இருக்கும் அபார்ட்மென்ட் பெயரை எழுதி வைப்பார்கள். அந்தப் பெயரில் சட்டப்படி யாருமே இருக்க மாட்டார்கள். ஜெயித்தாலும் தீர்ப்பை வைத்து எந்த வங்கிக் கணக்கையும் தொட முடியாது. லீஸில் கையெழுத்துப் பக்கத்துக்கு மேலே உரிமையாளர் பெயர் இருக்கும், பெரும்பாலும் எல்எல்சி (ஒரு வகைக் கம்பெனி) என்று முடியும். அதை மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் தளத்தில் தேடினால், வழக்குத் தாளை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் பெயரும் முகவரியும் வரும். அந்தப் பெயர், அந்த முகவரி. எழுத்து மாறாமல்.

கார்ப்பெட் விஷயம் அடிக்கடி வரும். பத்து வருஷ ஆயுள் என்று வைத்தால், எட்டு வருஷம் மிதிபட்ட கார்ப்பெட்டுக்குப் புது விலை 1,200 டாலரையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. மிச்சம் இரண்டு வருஷப் பங்கு, 240 டாலர். இதை ஒரு தாளில் பெருக்கல் கழித்தலோடு எழுதிக் கொண்டுபோங்கள். உங்கள் முறை வந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தாலே பெரிசு. படம், ரசீது, மெசேஜ் எல்லாம் அச்சில் மூன்று செட்: ஜட்ஜுக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. போனை நீட்டி ஸ்க்ரோல் பண்ணிக் காட்டுவது வேலைக்கு ஆகாது.

2025 ஏப்ரல் 1 முதல் நீங்கள் காலி செய்த பிறகு வீட்டுக்காரரும் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். "படம் எங்கே?" என்று நீங்களே எழுப்பலாம்.

#5 மில்பிடாஸ்வாசி

நன்றிங்க. சர்வ் பண்றதை (வழக்குத் தாளை எதிராளிகிட்ட முறைப்படி சேர்க்கறதை) கோர்ட்டே 15 டாலருக்குப் பதிவுத் தபால்ல அனுப்புமாமே, அது போதும்தானே?

#6 கட்டம்எட்டு

போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையில் பிரதிவாதியே கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். மனைவி போட்டார், வரவேற்பறைப் பெண் போட்டார், கிறுக்கல் புரியவில்லை என்றால் விசாரணை நாளில் "சர்வ் ஆகவில்லை" என்று தேதி தள்ளிப் போகும். தபால்காரரைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறவர்களும் உண்டு.

#7 கோப்புக்கட்டு

ஆமோதிக்கிறேன், இந்த இழையில் ஒன்றே ஒன்றை மனதில் வைப்பதானால் இதை வையுங்கள். வழக்கின் நியாயத்தை விட, தாள் முறையாகப் போய்ச் சேராததால் கெட்டுப்போகும் வழக்குகள் அதிகம்.

சர்வ் செய்கிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது. நண்பர் செய்யலாம், நீங்கள் கூடாது. நேரில் கொடுத்தால், எதிராளி இந்தக் கவுண்டியில் இருந்தால் விசாரணைக்கு 15 நாள் முன், வெளிக் கவுண்டி என்றால் 20 நாள் முன். ஆள் சிக்கவில்லை என்றால் வீட்டில் 18 வயது நிறைந்த ஒருவரிடமோ அலுவலகப் பொறுப்பாளரிடமோ கொடுத்துவிட்டு, அதே முகவரிக்கு இன்னொரு நகலைச் சாதாரணத் தபாலிலும் அனுப்ப வேண்டும். அந்தத் தபால் போட்ட பத்தாம் நாள்தான் சர்வ் முடிந்ததாகக் கணக்கு. ஆக, 15 நாள் என்பது 25 நாள் ஆகிவிடும். இந்தப் பத்தை மறப்பவர்கள்தான் அதிகம். கொடுத்தவர் எஸ்சி-104-இல் கையெழுத்திட, அதை விசாரணைக்கு ஐந்து நாள் முன்னாவது கோர்ட்டில் சேர்க்க வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகும் இரண்டு விஷயம். வழக்குப் போட்டவர் தோற்றால் அப்பீல் கிடையாது. தோற்ற பிரதிவாதிக்கு உண்டு, 30 நாள், எஸ்சி-140, முழுதாக மறு விசாரணை, அங்கே வக்கீல் வரலாம். இரண்டாவது, கோர்ட் பணத்தை வசூலித்துத் தராது. தராமல் இழுத்தால் இஜே-130 படிவத்தில் ரிட், அதாவது வசூலிக்கும் ஆணை, வாங்கி (40 டாலர்) ஷெரிஃப் மூலம் வங்கிக் கணக்கைப் பிடிக்க வேண்டும். அதனால் அவர் உங்களுக்குக் கொடுத்த பழைய காசோலையின் படம் இருந்தால் அழிக்காதீர்கள், எந்த வங்கி என்று அதில்தான் தெரியும். தீர்ப்புக்கு ஆயுள் பத்து வருஷம், புதுப்பிக்கலாம். பெரும்பாலான தீர்ப்புகளுக்கு வருஷம் 10 சதவீதத் தனி வட்டி.

#8 வெள்ளிக்கிழமை

எதிர்ப்பக்கத்துக் கேள்வி. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி வழக்கே போட்டுட்டா?

#9 கட்டம்எட்டு

அது ஸ்மால் கிளெய்ம்ஸ் இல்லை, அன்லாஃபுல் டிடெய்னர். அங்கே கடிகாரம் வேகமாக ஓடும். பதில் போட முன்பு ஐந்து நாள், 2025 ஜனவரி 1 முதல் பத்து கோர்ட் வேலை நாள். படிவம் யுடி-105. ஒரு நாள் தாண்டினாலும் எதிர்ப்பக்கம் டிஃபால்ட் (உங்கள் பதில் இல்லாமலே தீர்ப்பு) கேட்கலாம், அதற்குப் பிறகு உங்கள் வாதத்தைக் கேட்க ஆள் இல்லை. தாள் வந்த அன்றே செல்ஃப் ஹெல்ப் சென்டருக்குப் போங்கள்.

பதில் போடவும் கட்டணம் உண்டு. கையில் இல்லையென்றால் எஃப்டபிள்யூ-001, ஃபீ வெய்வர் (கட்டணத் தள்ளுபடி). மெடி-கால், கால்ஃப்ரெஷ் போன்ற அரசு உதவிகள் இருந்தால் ஒரே கட்டத்தில் டிக். இல்லாவிட்டால் வருமானக் கணக்கு காட்ட வேண்டும். பதிலையும் வெய்வரையும் ஒன்றாகக் கொடுங்கள். வெய்வர் முடிவு வரட்டும் என்று பதிலைக் கையில் வைத்துக் காத்திருப்பதுதான் தப்பு.

#10 சன்னிவேல்சாரல்

டிராஃபிக் டிக்கெட் பற்றி யாராவது. "ரிட்டன் டிக்ளரேஷன் (நேரில் போகாமல் எழுத்தில் வாதம்) போட்டா போலீஸ் பதில் எழுத மாட்டார், தானா தள்ளுபடி" என்கிறார்களே.

#11 பின்கோடு950

தானாக எதுவும் தள்ளுபடி ஆகாது. டிஆர்-205 படிவம், முழுத் தொகையையும் முதலிலேயே கட்ட வேண்டும், நோட்டீஸில் உள்ள கடைசித் தேதிக்குள். அதிகாரிக்கும் எழுதச் சொல்லி அனுப்புவார்கள். சிலர் எழுதுவதில்லை என்பது உண்மை, பலர் எழுதுகிறார்கள். ஜெயித்தால் பணம் திரும்பும். தோற்றால் தீர்ப்பு அஞ்சலில் போட்ட நாளிலிருந்து 20 நாளுக்குள் டிஆர்-220 போட்டு நேரில் புதிதாக விசாரணை கேட்கலாம். இரண்டாவது வாய்ப்பு என்பதுதான் இதன் லாபம். டிராஃபிக் ஸ்கூலும் (வகுப்பு முடித்தால் டிக்கெட் புள்ளி மறைக்கப்படும்) வேண்டும் என்றால் தோற்ற பிறகு கேட்பதை விட டிக்ளரேஷனிலேயே ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. 18 மாதத்தில் ஒரு முறைதான் அந்தச் சலுகை.

35 டாலர் அபராதம் எப்படி 238 ஆனது என்று எல்லோரும் கோபப்படுவார்கள். அடிப்படைத் தொகை 35தான், மாநிலம், கவுண்டி, கோர்ட் கட்டடம் என்று அதன் மேல் அடுக்கடுக்காகச் சேர்வதுதான் மிச்சம். வருமானம் குறைவு என்றால் மைசைட்டேஷன்ஸ் என்ற மாநிலத் தளத்தில் குறைக்கச் சொல்லியும் தவணை கேட்டும் விண்ணப்பிக்கலாம். விளக்கு எரியவில்லை மாதிரி சரிசெய்யும் டிக்கெட் என்றால் சரிசெய்து, அதிகாரி கையெழுத்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் 25 டாலர். எதுவுமே செய்யாமல் விட்டால் மேலே 100 டாலர் வரை கூடும், வசூல் ஏஜென்சிக்கும் போகும்.

#12 மில்பிடாஸ்வாசி

எச்-1பி வேலை விசாவில இருக்கறவங்களுக்கு ஜூரி சம்மன் வந்தா?

#13 பின்கோடு950

டிஎம்வி (ஓட்டுநர் உரிமம் தரும் துறை) பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் வரத்தான் செய்யும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வரும், அவர்களும் ஜூரியில் உட்கார முடியாது. குடிமகன் இல்லை என்ற கட்டத்தைக் குறித்து, ஆன்லைனிலோ தபாலிலோ பதில் அனுப்பினால் முடிந்தது. கிழித்துப் போடாதீர்கள். தப்பித் தவறி "குடிமகன்" என்று டிக் செய்துவிடாதீர்கள், பிற்பாடு குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரிய தலைவலி.

குடியுரிமை வாங்கியவர்களுக்கு: ஒரு நாள் அல்லது ஒரு விசாரணை, அவ்வளவுதான் கடமை. முதல் நாளுக்குச் சம்பளம் இல்லை, இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். "ஜூரிக்கு வரவில்லை, கிஃப்ட் கார்டில் அபராதம் கட்டு" என்று போன் வந்தால் மோசடி. கோர்ட் போனில் பணம் கேட்காது.

#14 யாழ்_ஃப்ரீமான்ட்

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா, காசு கட்ட வேணுமா? (ஃப்ரீமான்ட் அலமேடா கவுண்டி என்று தெரியும், வழக்கு சான் ஹோசேயில்.)

#15 கோப்புக்கட்டு

சிவில், குடும்ப வழக்குகளிலும் இலவசம். ஐஎன்டி-300 படிவம் அல்லது கோர்ட் தளத்தில் உள்ள கோரிக்கை. தேதி கிடைத்த அன்றே கேளுங்கள். ஸ்பானிஷ், வியட்நாமீஸ், பஞ்சாபி மாதிரி தமிழ் "சர்ட்டிஃபைட்" பட்டியலில் இல்லை, "ரெஜிஸ்டர்ட்" என்ற பிரிவில் வருகிறது. ஆள் குறைவு, முந்தின நாள் சொன்னால் விசாரணை தள்ளிப் போகும். உங்கள் அம்மா பேசுவது யாழ்ப்பாணத் தமிழ் என்றால் கோரிக்கையில் அதையும் எழுதுங்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க நிறுத்தும் யோசனை வேண்டாம்.

#16 இருமொழி

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தமிழில் "அவங்க கதவைப் பூட்டிட்டாங்க" என்றால் பூட்டியது ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கக் கூடாது. விளக்கம் கேட்க ஜட்ஜிடம் அனுமதி வாங்குவார், சாட்சியின் ஓட்டம் அறுந்துபோகும். "மாமா" இன்னும் மோசம்: தாய்மாமனா, மாமனாரா, பக்கத்து வீட்டுக்காரரா? அதனால் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: ஒவ்வொரு தடவையும் "என் மருமகன்", "என் சம்பந்தி" என்று உறவைச் சொல்ல வேண்டும், கூடவே பெயரையும். தலையை ஆட்டுவதும் "ம்ம்" என்பதும் பதிவில் ஏறாது, "ஆமாம்" "இல்லை" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் ஆள் இல்லை, அவரிடம் தனியாக ஆலோசனை கேட்கக் கூடாது.

#17 யாழ்_ஃப்ரீமான்ட்

"அவங்க" விஷயம் யோசிக்கவே இல்லை. மெத்தப் பெரிய உதவி.

#18 பெயர்வேண்டாம்

விவாகரத்து பற்றி. கோடையில் குழந்தையோடு சென்னை டிக்கெட் போட்டாச்சு. மனு இப்போ போடலாமா?

#19 கட்டம்எட்டு

நிறுத்திப் படியுங்கள். விவாகரத்து மனுவோடு சேர்ந்து வரும் எஃப்எல்-110 சம்மனின் இரண்டாம் பக்கத்தில் தானாக அமலாகும் தடைகள் அச்சிட்டிருக்கும். மனுப் போட்டவருக்குப் போட்ட உடனே, மற்றவருக்குச் சர்வ் ஆன உடனே அவை பொருந்தும். மற்றவரின் எழுத்து மூல சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் குழந்தையை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. சென்னை இருக்கட்டும், லாஸ் வேகஸ் கூடக் கூடாது. குழந்தைக்குப் புதுப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கவும் கூடாது, இன்சூரன்ஸ் பயனாளியை மாற்றவும் கூடாது. ஆக, பயணத் தேதிகள், விமானம், திரும்பும் நாள் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் முதலில். தர மறுத்தால் எஃப்எல்-300 போட்டு ஜட்ஜிடம் கேட்க வேண்டும், அதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

மற்றபடி: கட்டணம் 435, பதில் போடுகிறவருக்கும் அதே. மாநிலத்தில் ஆறு மாதம், கவுண்டியில் மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். இது நிறையவில்லை என்றால் லீகல் செபரேஷனில் (திருமணத்தை முறிக்காமல் சட்டப்படி பிரிவது) தொடங்கிப் பிறகு மாற்றலாம். சர்வ் ஆன நாளிலிருந்து ஆறு மாதம் கழியாமல் விவாகரத்து முடியாது. ஆறு மாதம் ஆனால் தானாக முடியும் என்பதும் தப்பு, தீர்ப்புத் தாள்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். எத்தனையோ கோப்புகள் இரண்டு பேரும் "முடிஞ்சிடுச்சு" என்று நினைத்திருக்கத் தூங்குகின்றன. சொத்து, கடன் விவரம் எஃப்எல்-140, மனுப் போட்ட 60 நாளுக்குள் மற்றவருக்குத் தர வேண்டும். குழந்தைப் பொறுப்பில் தகராறு என்றால் ஜட்ஜுக்கு முன் கோர்ட்டின் சமரசப் பேச்சு கட்டாயம், இலவசம். வன்முறை இருந்திருந்தால் ஒரே அறையில் உட்கார வேண்டியதில்லை, தனித்தனியாகக் கேளுங்கள்.

மற்றவர் இந்தியாவில் இருந்தால் ஸ்பீடு போஸ்டில் சம்மன் அனுப்புவது செல்லாது. வெளிநாட்டுக்குச் சம்மன் அனுப்புவது பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் தபால் வழியை இந்தியா ஏற்கவில்லை. டில்லியில் சட்ட அமைச்சகம் வழியாகத்தான், யுஎஸ்எம்-94 படிவத்தோடு. மாதக்கணக்கு ஆகும், அதை வைத்துத் திட்டமிடுங்கள்.

#20 கோப்புக்கட்டு

பெயர்வேண்டாம் அவர்களுக்கும் இதைப் படிக்கும் யாருக்கும், கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் டிவி-100, பாதுகாப்பு உத்தரவு கேட்கும் படிவம். கட்டணம் இல்லை, ஷெரிஃப் சர்வ் செய்வதும் இலவசம். தற்காலிக உத்தரவு அன்றோ அடுத்த வேலை நாளிலோ முடிவாகும். விசாரணை சுமார் 21 நாளுக்குள். அதற்குள் சர்வ் ஆகவில்லை என்றால் போகாமல் இருந்துவிடாதீர்கள். டிவி-115 போட்டுத் தேதி நீட்டிக்கக் கேளுங்கள், இல்லாவிட்டால் தற்காலிக உத்தரவும் போய்விடும். துணைக்கு ஒருவரை உடன் அழைத்துப் போகலாம். படிவத்தில் விசா பற்றிய கேள்வி கிடையாது. உடனடி ஆபத்து என்றால் 911 முதலில்.

#21 வெள்ளிக்கிழமை

பழைய விவாகரத்துத் தீர்ப்பு சென்னையில் மறுமணப் பதிவுக்குக் கேட்கிறார்கள். ஆன்லைனில் தேடினால் கோப்பே காட்டவில்லையே?

#22 பின்கோடு950

குடும்ப வழக்குத் தாள்களைப் பொதுமக்களுக்கு ஆன்லைனில் காட்ட மாட்டார்கள், கட்டடத்திலேயே பார்க்கலாம். வழக்கு எண்ணோடு ரெக்கார்ட்ஸ் பிரிவில் கேளுங்கள். வேண்டியது எஃப்எல்-180 தீர்ப்பின் சான்றிட்ட நகல். எஃப்எல்-190 வெறும் அறிவிப்பு, அதை வாங்கிக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் உண்டு. விவாகரத்துத் தீர்ப்புச் சான்று 15 டாலர். மற்ற தாள்களுக்குச் சான்று 40, பக்கத்துக்கு 50 சென்ட். பிறகு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்க மாநிலம் தரும் சான்று): அது கோர்ட்டில் இல்லை, செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், சேக்ரமென்டோவுக்குத் தபாலிலோ நேரிலோ, தாளுக்கு 20 டாலர். திருமணச் சான்றிதழ் வேண்டும் என்றால் அது கவுண்டி கிளார்க்-ரெக்கார்டர், கோர்ட் கிளார்க் இல்லை. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் தினமும் யாராவது மாறிப் போகிறார்கள்.

#23 வெள்ளிக்கிழமை

சான்றிட்ட நகலில் ஸ்டேப்பிள் பின்னை எடுத்து ஸ்கேன் பண்ணலாமா?

#24 பின்கோடு950

எடுக்காதீங்க. பின்னைக் கழற்றி மாட்டின தாளைக் கலைச்ச தாள்னு திருப்பிவிட வாய்ப்பிருக்கு, திரும்ப 15 டாலர், திரும்ப வரிசை. மடிச்சு, பின்னோடவே போன்ல படம் எடுங்க.